அமுதா எழுந்து நின்ற டெமோ

வெள்ளிக்கிழமை டெமோ முடிந்தது. சனிக்கிழமை காலையில், துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"மேடம், திங்கக்கிழமையிலேர்ந்து உங்க பசங்க வர வேணாம்னு மேல சொல்லிட்டாங்க."

"எந்தப் பசங்க, பிரவீன்?"

"ஆறு பேரும்தான்."

பிரவீன் அந்தக் கம்பெனியில் ப்ராஜெக்ட் லீட். நல்ல பையன்தான். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். ஆறு பேருக்கும் அது கடைசி செமஸ்டர். கம்பெனியில் வேலை பார்த்ததாக சர்டிபிகேட் வராவிட்டால் கிரெடிட் கிடையாது. கிரெடிட் இல்லாவிட்டால் டிகிரி கிடையாது.

இது எப்படி நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தலையில் விழுந்தது

ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். புது சிலபஸ் வந்தபோது மாணவர்கள் கடைசி செமஸ்டரைக் கம்பெனியில் கழிக்க வேண்டும் என்று விதி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் எச்.ஓ.டி. சார் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்ததால் தலை நிமிர்ந்திருந்தது. அப்படித்தான் இண்டஸ்ட்ரி கோஆர்டினேட்டர் ஆனேன்.

சென்னையில் இருக்கும் கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் வரும். நாங்கள்தான் கம்பெனியைத் தேடிப் போக வேண்டும். வகுப்பு முடிந்து வேலூர் பஸ்ஸைப் பிடித்து, மாடி மாடியாக ஏறி இறங்குவேன். ஒரு இடத்தில் எங்கள் பசங்களை வாசலில் நோட்டீஸ் கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்க வைத்தார்கள். திருவண்ணாமலையில் ஒருவர் ரொம்ப நல்லவர். "பசங்க வரவே வேணாம் மேடம். அலைச்சல் எதுக்கு? சர்டிபிகேட் நானே அனுப்பிடறேன்" என்றார்.

இதையெல்லாம் சொன்னால் எச்.ஓ.டி. சார், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், பேப்பர்ல சரியா இருந்தா போதும்" என்பார். பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பசங்கதான் போனபடியே திரும்பி வந்தார்கள்.

மலைக்கு ஒரு ஆப்

அந்த நிலையில்தான் பிரவீன் எங்கள் கல்லூரிக்கு வந்தார். வேலூரில் சின்னக் கம்பெனி. மலைமேல் இருக்கும் கர்ப்பிணிப் பெண்களின் விவரத்தை நர்ஸுகள் போனில் பதிவு செய்வதற்கு ஒரு ஆப். செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றிருந்தது. மலையில் பாதி ஊருக்கு சிக்னல் இல்லை. அதனால் சிக்னல் இல்லாத இடத்தில் எழுதினால் போனிலேயே இருந்து, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். இதை சிங்க் என்பார்கள். மலை ஏறி இறங்க ஆள் வேண்டும் என்பதால் எங்களிடம் வந்திருந்தார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. நிஜமான வேலை, நிஜமாக அதைப் பயன்படுத்தப்போகிற ஆட்கள். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தோம்.

அதில் இருவரைப் பற்றிச் சொன்னால் போதும். ஸ்டீபன், அடிவாரத்து கிராமத்துப் பையன். அப்பா தையல்காரர். கோடிங்கில் அந்த பேட்ச்சிலேயே அவன்தான் முதல். செமஸ்டர் முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி அவனிடம் முதல் மாதமே சொல்லிவிட்டது. வீட்டில் அக்கா கல்யாணப் பேச்சே அதை வைத்துத்தான் நடந்தது.

அமுதா மலைமேல் ஊர்க்காரி. வீட்டில் சாமை விதைக்கிறார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ரெண்டு அரியர். வகுப்பில் பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பாள். லேப்பில் கரண்ட் போனால் முதலில் சத்தம் போடுவது அவள்தான். பிரவீன் அவள் எழுதிய கோடிங்கைப் பார்த்துவிட்டு, "இவங்களை டெஸ்டிங்ல போட்டுடலாம் மேடம். மலை தெரிஞ்ச பொண்ணு" என்றார்.

முதல் தடவை எல்லாரும் சேர்ந்து மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசந்தி சிஸ்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஊர் ஊராக நடந்து போய் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருகிற செவிலியர் அவர். போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இதுலயும் எழுதணும், நோட்டுலயும் எழுதணுமா? வூட்டுக்குப் போய் உக்காந்து வேற எழுதணும்."

"இது வந்துட்டா நோட்டே வேணாம் சிஸ்டர்" என்றார் பிரவீன்.

வசந்தி சிஸ்டர் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காணாமல் போன சிவப்பு

டெமோவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அமுதா ரெண்டு போன்களை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். பின்னாலேயே ஸ்டீபனும் வந்தான். வழியெல்லாம் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், பாருங்க. இந்த போன்ல ஒரு பொண்ணுக்கு பிரஷர் அதிகம்னு சிவப்புக் குறி போட்டு அனுப்பினேன். அந்த போன்ல அதே பொண்ணுக்கு ரத்த ரிசல்ட் மட்டும் போட்டு அனுப்பினேன். இப்ப சிவப்பு இன்னா ஆச்சுன்னு பாருங்க."

சிவப்பைக் காணவில்லை. விஷயம் இதுதான். ரெண்டு போனிலிருந்து ஒரே பெண்ணின் விவரம் போனால், கடைசியாக வந்தது முந்தையதை முழுசாக மூடிவிடுகிறது. ஆப் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. பச்சையாக ஒரு டிக் மட்டும் காட்டுகிறது.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரு எழுதினாதானே மேடம்? நெஜத்துல அப்டி எப்பவோ ஒரு தடவைதான் நடக்கும்" என்றான் ஸ்டீபன்.

"எங்க ஊர்ல தெனம் நடக்கும். காலைல சிஸ்டர் வூட்டாண்ட வந்து பிரஷர் பாப்பாங்க. அப்பால அந்தப் பொண்ணே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுக்கும். அங்க வேற போன். மழை வந்தா ஆஸ்பத்திரிலயும் சிக்னல் நிக்காது. எது முன்னாடி போவும், எது பின்னாடி போவும்னு யாருக்குத் தெரியும்?"

ஸ்டீபன் அந்த ரெண்டு போனையும் வாங்கிப் பார்த்தான். பிறகு, "இதை மாத்தணும்னா சிங்க் மொத்தத்தையும் திருப்பி எழுதணும் மேடம். டெமோக்குள்ள ஆகாது" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான்.

பிரவீனுக்கு போன் போட்டேன். அவர் மறுக்கவில்லை. "தெரியும் மேடம், எங்களுக்கும் சந்தேகம் இருந்துச்சு. டெமோ வைஃபைல நடக்கும், ஒரே போன்தான். அன்னிக்கு ஒண்ணும் ஆகாது. நர்ஸுங்க கைக்கு லைவ் போறதுக்கு முன்னாடி கண்டிப்பா சரி பண்ணிடுவோம்" என்றார்.

அதையே அமுதாவிடம் சொன்னேன். "லைவ் போறதுக்கு முன்னாடிதானே மேடம்? அப்ப சரி" என்று போய்விட்டாள்.

டெமோ

சுகாதார நிலையத்தின் பக்கத்தில் இருந்த கூடத்தில் நடந்தது. அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர், கம்பெனி டைரக்டர், டாக்டர், நர்ஸுகள். எங்கள் பசங்க கடைசி வரிசை. ஸ்டீபன்தான் செய்து காட்டினான். அழகாகச் செய்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு டைரக்டர் எழுந்தார். சந்தோஷத்தில் இருந்தார். "வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம சிஸ்டர்ங்க எல்லாரும் இதுல மாறிடறாங்க. இனிமே நோட்டு தூக்கிட்டு அலைய வேணாம்" என்றார்.

நான் பிரவீனைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

வசந்தி சிஸ்டர் கை தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், திங்கக்கிழமை வேணாம் சார்."

அமுதா நின்றுகொண்டிருந்தாள். டைரக்டர் சிரித்தபடியே, "இன்னாம்மா?" என்றார்.

"ரெண்டு போன்லேர்ந்து போட்டா ஒண்ணு அழிஞ்சிடுது சார். பிரஷர் அதிகம்னு போட்டது காணாம போய்டுது. நோட்டை வுட்டுட்டாங்கன்னா அப்பால எதுலயும் இருக்காது. இங்க மாசமா இருக்கறவங்க எல்லாம் எங்க ஊருக்காரங்க சார்."

அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்க ஆசிரியர்தானே? இது சரியா?"

எனக்கு முன்னால் ஸ்டீபன் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தான். என்னையே பார்த்தான். அவன் வேலையும் அக்கா கல்யாணமும் அந்தப் பார்வையில் இருந்தன.

"சரிதாங்க. அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றேன்.



திங்கட்கிழமை

சனிக்கிழமை வந்த போனைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். "இத்தனை வருஷத்துல உருப்படியா ஒரு கம்பெனி வந்துச்சு. அதையும் துரத்தியாச்சு" என்றார். அவர் சத்தம் போடவில்லை. சலிப்போடு சொன்னார். என்னைப் போலவே அவரும் ஓய்ந்துபோனவர்தான்.

லேப்பில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் ஒரு பக்கம், அமுதா ஒரு பக்கம். மற்றவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டீபன்தான் பேசினான். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மேடம், அவ சொன்னது அவளுக்குத் தெரிஞ்சது. நீங்க ஆமான்னு சொல்லாம இருந்திருக்கலாம். விசாரிக்கிறோம்னு சொல்லியிருக்கலாம். எங்க வூட்ல நான் இன்னா சொல்றது?"

இன்று கேட்டாலும் அதே கூடத்தில் அதே வார்த்தையைத்தான் சொல்வேன். ஆனால் அவன் கேட்டதும் நியாயம்தான்.

வேலூரில் ஒரு டீக்கடை

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். டைரக்டர் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். பிரவீன் மட்டும் கீழே டீக்கடைக்கு வந்தார்.

"அன்னிக்கு வந்த அறக்கட்டளை அம்மா திருப்பி எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க மேடம். சரி பண்ணாம லைவ் கிடையாதுன்னுட்டாங்க. இப்ப எங்களுக்கு ஆள் வேணும். டைரக்டர் கிட்ட பேசிட்டேன். அஞ்சு பேரை அனுப்புங்க."

"அமுதா?"

"வேணாம்னுட்டாரு. அது என் கைல இல்ல மேடம்."

"தப்பைக் கண்டுபிடிச்சவளை வெளில நிறுத்திட்டு, சரியாயிடுச்சுன்னு யாரு பாக்கப் போறீங்க?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நானே இங்க எத்தினி நாளைக்கு இருப்பேன்னு தெரியல மேடம்" என்றார். அதற்குமேல் அவரிடம் சண்டை போட மனசு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். ஆறு பேரையும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாம். அது எனக்குக் கௌரவம். ஐந்து வீட்டுக்கு இடி. ஐந்து பேரை மட்டும் அனுப்பலாம். உண்மை பேசினால் தனியாக விடப்படுவாய் என்று ஆறாவது ஆளுக்கு நானே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகும்.

மறுநாள் அமுதாவைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு உடனே சொன்னாள்:

"அவங்க போவட்டும் மேடம். ஸ்டீபன் போகலன்னா அதை யாரு சரி பண்றது? இன்னிக்கி இல்லன்னா நாளைக்கு அந்த போனைத்தான் சிஸ்டர் கைல குடுக்கப் போறாங்க. எனக்கு இன்னா, இன்னொரு அரியர். ரெண்டோட மூணு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி மேஜையை ஒழுங்குபடுத்தினேன்.

ஆஸ்பத்திரி எப்படி இண்டஸ்ட்ரி ஆகும்?

ஐந்து பேரை அனுப்பினேன். அமுதாவுக்காக மலை ஏறி சுகாதார நிலைய டாக்டரைப் பார்த்தேன். புது ஆப் வருகிறது, அதை இங்கேயே வைத்துச் சோதித்துச் சொல்ல ஒரு மாணவி இருந்தால் உங்களுக்கும் நல்லது என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அன்னிக்கு எழுந்து நின்ன பொண்ணா? வரச் சொல்லுங்க" என்றார்.

கஷ்டம் கல்லூரியில்தான். எச்.ஓ.டி. சார், "இண்டஸ்ட்ரின்னா கம்பெனி மேடம். ஆஸ்பத்திரி எப்படி இண்டஸ்ட்ரி ஆகும்?" என்றார்.

"சாஃப்ட்வேரை யூஸ் பண்றவங்க அங்கதானே சார் இருக்காங்க? நாம செய்யறது வேலை செய்யுதா இல்லையான்னு அங்க போகாம எங்க கத்துக்கறது?"

அவர் சம்மதிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தேன். ஒரு டேபிளிலிருந்து இன்னொரு டேபிளுக்கு மாற்றினார்கள். பிறகு நேரில் போனேன். யாரோ ஒரு புண்ணியவான் விதியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "தொடர்புடைய நிறுவனம்னுதான் போட்டிருக்கு, கம்பெனின்னு எங்கயும் இல்லியே" என்றார். அந்த ஒரு வரியை வாங்குவதற்குள் நான் ரெண்டு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

அமுதா தன் ஊரிலிருந்தே வேலைக்குப் போனாள். வசந்தி சிஸ்டரோடு ஊர் ஊராக நடந்தாள். எந்த இடத்தில் சிக்னல் அறுகிறது, எந்த போன் நேரத்தைத் தப்பாகக் காட்டுகிறது, சிஸ்டர் அவசரத்தில் எந்தப் பட்டனை அமுக்குகிறார் என்பதையெல்லாம் பார்த்து எழுதி எனக்கு அனுப்புவாள். நான் பிரவீனுக்கு அனுப்புவேன். டைரக்டருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"மேடம், நேத்து ஸ்டீபன் கூப்ட்டான்."

"என்ன சொன்னான்?"

"சாரின்னு எல்லாம் ஒண்ணும் சொல்லல. ஆப்போட புது பில்ட் அனுப்பறேன், எங்க தப்பு வருதுன்னு உடைச்சிப் பாருன்னான்."

"உடைச்சியா?"

"உடைச்சிட்டேன் மேடம். மறுபடியும் அனுப்பறானாம்."

அப்படிப் பல தடவை போய் வந்தது. கடைசியில் ஒரு பெண்ணைப் பற்றி ரெண்டு போனில் வேறு வேறாக எழுதினால் ரெண்டையும் வைத்துக்கொண்டு, எது சரி என்று நர்ஸிடமே கேட்கிற மாதிரி ஸ்டீபன் மாற்றி எழுதினான். சிவப்புக் குறியை டாக்டர் பார்க்காமல் யாரும் எடுக்க முடியாது. அதன் பிறகுதான் லைவ் போனது. நோட்டையும் கொஞ்ச நாள் வைத்திருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தி சிஸ்டர் அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டார்.

வைவா தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அமுதாவிடம், "கம்பெனி பெயரே இல்லையேம்மா?" என்று கேட்டு, பாஸ் ஆகும் அளவுக்கு மட்டும் மார்க் போட்டார். ஸ்டீபனுக்கு முதல் மார்க். அது அவனுக்குத் தகும்.

பிறகு

ஸ்டீபன் அந்தக் கம்பெனியிலேயே இருக்கிறான். அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், போனேன். சாப்பாடு பரிமாறும் இடத்தில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். டெமோவைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிரவீன் பெங்களூர் போய்விட்டார்.

அமுதா அரியரை முடித்துவிட்டு செங்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறாள். சாஃப்ட்வேர் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். போன மாதம் பேசினாள்.

"மேடம், இன்டர்வியூல ப்ராஜெக்ட் பத்திக் கேக்கறாங்க. நடந்ததைச் சொன்னா மூஞ்சி மாறிடுது. சொல்லாம வுட்டா எங்கிட்ட சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல. இன்னா பண்ணட்டும்?"

"எழுந்து நின்னதைச் சொல்லாத. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்லு. ரெண்டு போனை எடுத்ததிலேர்ந்து சொல்லு. அதைக் கேட்டுட்டு உன்னை எடுக்காதவங்க கிட்ட நீ வேலை பார்க்க வேணாம்" என்றேன். அடுத்த இடத்தில் அப்படியே சொன்னாளாம். ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். பதில் இன்னும் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பசங்களைக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு மட்டும் நாம் அலைகிறோம். எம்.ஓ.யூ. ஒப்பந்தம் போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அங்கே போய் ஒரு பிள்ளை "இது வேலை செய்யலை" என்று உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்கு அடுத்த நாள் அந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும் என்று யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி யோசிக்காது, அதற்கு அவசியம் இல்லை. அனுப்புவதற்கு முன்பே அந்த இடத்தை நாம் தேடி வைத்திருக்க வேண்டும். நான் தேடுவதற்குள் பாதி செமஸ்டர் போய்விட்டது. நீங்கள் முதல் வாரமே தேடி வையுங்கள்.